வியாழக்கிழமைப் பங்கு

அமெரிக்காவுக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் நயாகராவைப் பார்த்தாயா, நியூயார்க் போனாயா என்றுதான் கேட்கிறார்கள். நான் 2023-ல் அங்கே இருந்த ஐந்தரை மாதத்தில் அதிகமாகப் போன இடம் ஒரு காய்கறிக் கொட்டகை. இருபது வியாழக்கிழமைகள் போனேன்.

மகள் வேலை பார்ப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஆம்ஹெர்ஸ்ட் ஊர்ப் பல்கலைக்கழகத்தில். பக்கத்தில் ஹேட்லி, நார்த்தாம்ப்டன் என்று சின்னச் சின்ன ஊர்கள். நடுவே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. கனடா எல்லைக்குப் பக்கத்தில் பிறந்து, 650 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓடிக் கடலில் சேரும் ஆறு. இரண்டு கரையிலும் கறுப்பு வண்டல். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் பனிப்பாறைகள் உருகி இங்கே பெரிய ஏரி ஒன்று நின்றதாம். அதன் அடியில் படிந்த மண்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது. ஹேட்லி ஆஸ்பராகஸ் என்றால் அந்தப் பக்கம் தனி மரியாதை. மே மாதத்தில் சாலையோரம் மேசை போட்டு, கட்டுக்கட்டாக வைத்து, பக்கத்தில் ஒரு பணப்பெட்டியையும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளே இருக்காது. நாமே காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் போய் இறங்கிய வாரத்திலேயே மகள் சொன்னாள், "அம்மா, இந்த வருஷம் நாங்க ஒரு பண்ணையில பங்கு வாங்கியிருக்கோம்."

"நிலமா வாங்கினீங்க?" என்றேன்.

"நிலம் இல்லம்மா. காய்கறியில பங்கு."

விஷயம் இதுதான். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு குடும்பம் பண்ணைக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட வேண்டும். மகள் கட்டியது 700 டாலர். ஜூன் முதல் அக்டோபர் வரை இருபது வாரம், வாரத்துக்கு ஒரு நாள், அன்று விளைந்ததில் ஒரு பங்கு நமக்கு. இன்ன காய், இத்தனை கிலோ என்ற உறுதி கிடையாது. நன்றாக விளைந்தால் பை நிறையும். விளையாவிட்டால் குறையும். சமூக ஆதரவு வேளாண்மை என்பது இதன் பெயர். எல்லோரும் சுருக்கமாக சி.எஸ்.ஏ. என்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பெயரில் இது தொடங்கியது 1986-ல். இதே மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள இண்டியன் லைன் பண்ணையிலும், பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஒரு பண்ணையிலும் ஒரே வருஷம் ஆரம்பித்தார்கள். ஜப்பானில் அதற்கும் முன்பே, எழுபதுகளில், தாய்மார்கள் மருந்தடிக்காத காய்கறிக்காக விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் பேசிக்கொண்டார்கள். அலபாமாவில் புக்கர் வாட்லி என்ற கறுப்பினப் பேராசிரியர், சிறு விவசாயிகள் உறுப்பினர்களைச் சேர்த்து முன்பணம் வாங்கிப் பயிர் செய்யலாம் என்று அதே காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியில் 30 வருஷம் பயிர்க்கடன் எழுதியவர். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதை வாங்குற நேரத்துல கையில காசு. வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. நல்ல கடன்தான்" என்றார்.

முதல் பங்கு ஜூன் 8. கனடாக் காட்டுத்தீயின் புகை வந்து வானம் மங்கிக் கிடந்த வாரம் அது. பண்ணையை நடத்துவது நாற்பது வயதுப் பெண் ஒருத்தியும் அவள் கணவரும். கொட்டகையில் மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: லெட்யூஸ் 2, முள்ளங்கி 1 கட்டு, டர்னிப் 1 கட்டு, கீரை ஒரு பை. நாமே எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

முள்ளங்கி இலையையும் டர்னிப் இலையையும் பலர் கிள்ளி உரக்கூடையில் போட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மகளிடம் சொல்லிக் கேட்டு வாங்கி வந்து பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்தேன். அடுத்த வாரம் நூல்கோல் வந்தது. "இது என்னன்னே தெரியலை" என்று ஒரு தாத்தா கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் வாரம் பூண்டுத் தண்டு வந்தது. பூண்டு பெருக்க வேண்டும் என்பதற்காக ஜூனில் அந்தச் சுருள் தண்டை ஒடித்துவிடுவார்கள். அதைப் புளிக்குழம்பில் போட்டேன். மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வயலிலேயே போய் ஸ்ட்ராபெரி பறித்துக்கொள்ளலாம். பேத்தி கூடையில் போட்டதைவிட வாயில் போட்டதுதான் அதிகம்.

இப்படியே ஐந்து வாரம் போனது.

ஜூலை 10-ஆம் தேதி வடக்கே வெர்மான்ட் மாநிலத்தில் பேய் மழை. தலைநகர் மான்ட்பெலியர் கடைவீதியில் தண்ணீர் போவதை டிவியில் பார்த்தோம். எங்கள் ஊரில் அவ்வளவு மழை இல்லை. ஆனால் அங்கே பெய்த தண்ணீர் இந்த ஆற்றில்தானே வர வேண்டும்? அடுத்த நாளே கனெக்டிகட் ஆறு கரை மேவியது. ஹோலியோக் மலை உச்சியிலிருந்து பார்த்தால் அந்த ஆறும் வயல்களும் கட்டம் கட்டமாகப் படம் போலத் தெரியும். அந்த வாரம் மேலே நின்று பார்த்தபோது கட்டங்களைக் காணோம். எல்லாம் ஒரே பழுப்பு.

பண்ணைக்கு இரண்டு வயல். கொட்டகையை ஒட்டி மேட்டு வயல். ஆற்றை ஒட்டித் தாழ்ந்த வயல். நல்ல மண் தாழ்ந்த வயலில்தான். தக்காளி, சோளம், உருளை, பூசணி வகைகள், இலையுதிர்காலத்துக்கான கேரட் எல்லாம் அங்கேதான் இருந்தன. இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகும் பயனில்லை. வெள்ளம் தொட்ட காயை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்பது அங்கே விதி. சாக்கடை, எண்ணெய், ரசாயனம் எது கலந்து வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பார்க்க நன்றாக இருந்த பூசணியைக்கூட உழுது மண்ணோடு புரட்டினார்கள். மாநில அரசின் முதல் கணக்கே குறைந்தது 75 பண்ணைகள், 2,000 ஏக்கர் என்று சொன்னது.

புதன்கிழமை பண்ணையிலிருந்து மெயில் வந்தது. நாளைக்குப் பங்கு உண்டு, சிறியதாக இருக்கும், மன்னிக்கவும் என்று மூன்றே வரி.

கரும்பலகையில் அன்று: லெட்யூஸ் 1, வெங்காயத்தாள் 1 கட்டு, கேல் 1 கட்டு. அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஒருவர் சத்தமாகவே கேட்டார், மீதிப் பணம் எப்போது திரும்பி வரும் என்று. அந்தப் பெண் நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். "பணம் விதையாகவும் கூலியாகவும் போய்விட்டது. யாருக்காவது உண்மையிலேயே கஷ்டம் என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், எப்படியாவது ஏற்பாடு செய்கிறேன்." சொல்லிவிட்டுப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள். அவள் பூட்ஸில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. "அத்தை, தப்பா நினைக்காதீங்க. 700 டாலர் சும்மா இல்ல. பாதியாவது கேட்கலாம்ல?" என்றார் மாப்பிள்ளை. மகள் பேசவில்லை. மாப்பிள்ளை சொன்னதிலும் தப்பில்லை. அவர்களுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, குழந்தை காப்பகத்துக்குக் கட்ட வேண்டும்.

எனக்கு 1977 ஞாபகம் வந்தது. அந்த நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையேறியபோது எனக்கு 17 வயது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மூன்று மா நிலம். சம்பா பயிர் தூர் கட்டி நின்றது. விடிந்து பார்த்தால் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் முங்காமல் நின்றது. அம்மாவின் சங்கிலி போனது. அடுத்த வருஷம் அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது. அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அந்த அரிசியைச் சாப்பிட்டிருக்க வேண்டிய ஊர்களில் யாருக்கும் அப்பாவைத் தெரியாது. அவர்கள் வேறு அரிசி வாங்கிக்கொண்டார்கள்.

இதை மேசையில் சொன்னேன். யாருக்கும் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் சொன்னார்: "எங்க பேங்க்ல தள்ளுபடின்னா மேல இருந்து உத்தரவு வரணும். இங்க கடன் கொடுத்தவங்களே பையோட வரிசையில நின்னு தள்ளுபடி பண்றாங்க."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பணத்தைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. சனிக்கிழமை வேலைக்கு ஆள் வேண்டும் என்று பண்ணையிலிருந்து வந்த மெயிலுக்கு அவர்தான் முதலில் பதில் போட்டார்.

முப்பது பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு, சேற்றில் புதைந்த சொட்டுநீர்க் குழாய்களை இழுத்துச் சுருட்டும் கூட்டத்தோடு போனார். எனக்கும் அவருக்கும் மேட்டு வயலில் பூண்டு பிடுங்கும் வேலை. பத்துப் பத்தாகக் கட்டிக் கொட்டகை உத்திரத்தில் தொங்கவிட்டோம். பூண்டுப் பாத்திக்கு நடுவே தரையோடு படர்ந்த ஒரு களையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். சிவந்த தண்டு, தடித்த குட்டி இலை. நம் பருப்புக்கீரை! "ஐயோ, இதைப் போய் எறியறாங்களே" என்றேன். மகள் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அது தின்னும் கீரை என்று தெரியுமாம், ஆனால் பங்கில் வைத்தால் யாரும் எடுப்பதில்லையாம்.

அடுத்த வியாழன் கரும்பலகையில் நான்காவது வரி ஒன்று கூடியிருந்தது: பர்ஸ்லேன், வேண்டிய அளவு. பக்கத்தில் மகள் எழுதிக் கொடுத்த என் கூட்டுச் செய்முறை ஒட்டியிருந்தது. துவரம்பருப்பு, பூண்டு, காய்ந்த மிளகாய், தாளிக்கக் கடுகு. அந்த நூல்கோல் தாத்தா இரண்டு வாரம் கழித்து வந்து, கடுகு வெடித்துச் சமையலறை முழுக்கப் பறந்ததாகப் புகார் சொன்னார். மூடி போட வேண்டும் என்று எழுத மறந்தது என் தப்புதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் சோளம் வரவே இல்லை. அந்த ஊரில் ஆகஸ்ட் என்றால் சோளம்தான். தக்காளி, பிளாஸ்டிக் குடிலில் இருந்த நான்கு வரிசையில் விளைந்தது மட்டும். வாரத்துக்கு நாலு பழம். ரசத்துக்கு சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கினோம். இரண்டு மூன்று குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. வேலைக்கு இருந்த பையன்களில் ஒருவனைப் பாதியில் அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆனால் மேட்டு வயலில் இடம் விடாமல் மறுபடி விதைத்தார்கள். 30, 40 நாளில் வரும் முள்ளங்கி, டர்னிப், கீரை, லெட்யூஸ். செப்டம்பரில் பை மீண்டும் கனத்தது. அக்டோபரில் மலைமேல் இருக்கும் வேறொரு பண்ணை பரங்கிக்காய்களைக் கொடுத்து உதவியது. மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறிய அந்த வாரங்களில், பரங்கிக்காய் சாம்பார் கொதிக்கிற வாசனை எங்கள் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

கடைசிப் பங்கு அக்டோபர் 19. என் கணவர் ஒவ்வொரு வாரமும் நோட்டில் எழுதி, கடை விலை போட்டுக் கணக்குப் பார்த்திருந்தார். கொடுத்தது 700. வந்தது ஏறக்குறைய 460. "240 டாலர் நஷ்டம்" என்றார். மகள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷப் பங்குக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவரும் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை பூண்டு நட வரச் சொன்னார்கள். அங்கே பூண்டை அக்டோபரில் நட்டு, பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் விட்டு, ஜூலையில் எடுப்பார்கள். தாழ்ந்த வயலில் அந்த வருஷம் எதுவும் போடவில்லை, மண்ணைத் தேற்றுவதற்காகக் கம்பு வகைப் புல் விதைத்திருந்தார்கள். அது பச்சையாக முளைத்திருந்தது. நாங்கள் மேட்டில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, நுனி மேலே இருக்கும்படி ஒவ்வொரு பல்லாக ஊன்றினோம். பேத்தி தலைகீழாக ஊன்றியதை எல்லாம் நான் பின்னாலேயே போய்த் திருப்பி வைத்தேன்.

நவம்பர் முதல் வாரம் ஊர் திரும்பிவிட்டோம். மறு வருஷம் ஜூலையில் மகள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். கொட்டகை உத்திரம் முழுக்கப் பூண்டு. "இதுல நீங்க நட்டது எதுன்னு தெரியலைம்மா" என்று எழுதியிருந்தாள்.

"புளிக்குழம்பு வை, தெரியும்" என்று பதில் போட்டேன்.