தம்பி போட்ட கையெழுத்து

"இ.சி.டி. கொடுத்துப் பார்க்கலாம். அதாவது, தலையில் லேசாக மின்சாரம் செலுத்துகிற சிகிச்சை" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், என் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "ஐயையோ, கரண்ட்டா? சினிமாவிலே பார்த்திருக்கேனே, கட்டிப் போட்டு, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுமே! என் பிள்ளை எப்படி இருக்கானோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அதே பயம்தான். இது நடந்தது 2019ல்.

என் தம்பிக்கு இப்போது 38 வயது. 22 வயதில், பி.காம். முடித்த கையோடு ஆரம்பித்தது. "ரெண்டு பேர் என்னைப் பத்தியே பேசிக்கிறாங்க அக்கா, உனக்குக் கேக்கலையா?" என்பான். குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினோம். பிறகுதான் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு நோய் என்றார்கள். ஒரு மாத்திரை, அது கேட்காமல் இன்னொன்று, கடைசியில் குளோசபின். மற்ற மருந்துகளுக்கு மசியாத நோய்க்கு அதைத்தான் கொடுப்பார்களாம். வெள்ளை அணு குறைகிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை உறை நனைந்து போகும். தினமும் துவைத்துப் போடுவேன். ஓரளவு அடங்கினான். ஆனால் குரல்கள் மட்டும் போகவே இல்லை. அப்போதுதான் டாக்டரம்மா இ.சி.டி. என்றது.

நாலு வருஷம் அந்தப் பேச்சையே எடுக்காமல் ஓட்டினோம். 2023ல் அவன் சாப்பாட்டையே நிறுத்தி விட்டான். 'சாதத்தில் விஷம்' என்று அந்தக் குரல்கள் சொல்கின்றனவாம். வேறு வழியில்லாமல் மறுபடி அதே டாக்டரம்மாவிடம் போய் நின்றோம்.

இந்தத் தடவை நான் பொறுமையாகக் கேட்டேன். இந்தச் சிகிச்சை 1938ல் இத்தாலியில், ரோம் நகரத்தில் ஆரம்பித்ததாம். அந்த நாளில் மயக்க மருந்தில்லாமல் கொடுத்ததால் எலும்பு முறிவதுகூட உண்டாம். சினிமாவில் நாம் பார்ப்பது அதைத்தான். இப்போது மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. மின்சாரம் சில விநாடிகள்தான். அதனால் மூளைக்குள் ஒரு வலிப்பு, ஏறக்குறைய ஒரு நிமிஷம், அதுதான் சிகிச்சை.

"குணமாயிடுமா?" என்றாள் அம்மா.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "2015ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. குளோசபினுக்கும் சரியாகாதவங்க 20 பேருக்கு அதோட இதையும் சேர்த்துக் கொடுத்தாங்க. எட்டு வாரத்தில் பாதிப் பேருக்கு நல்ல பலன். மாத்திரை மட்டும் சாப்பிட்ட 19 பேரில் ஒருத்தருக்கும் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. மீதிப் பாதிப் பேரையும் நான் மறைக்க மாட்டேன். கொஞ்ச நாளைக்கு மறதி வரும். சில பேருக்குச் சில பழைய நினைவுகள் திரும்பாமலும் போகலாம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். டாக்டரம்மாவோ என் தம்பி பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அவனைக் கேட்டதே இல்லையே!

அவன் தலை நிமிராமலே, "பயமாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி பூரா இவங்க பேசறதைக் கேக்கறதை விடவா அது பயம்?" என்றான். பேனாவை வாங்கி அவனே கையெழுத்துப் போட்டான்.

வாரத்துக்கு மூன்று தடவையாக மொத்தம் பத்து. முதல் நாள் ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் உள்ளே அழைத்துப் போவார்கள். நான் காப்பி பிளாஸ்கோடு வெளியே உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஸ்ட்ரெச்சரில் தூங்கிக்கொண்டே வருவான். விழித்ததும், "எங்கே இருக்கோம்?" என்பான். தலைவலி என்பான்.

ஆறாவது தடவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, ரசம் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டான். "அக்கா, அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி ஆயிடுச்சு. சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்றான். அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முழுசாகக் குணம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன. அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனது அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆனால் இப்போது காலையில் பால் வாங்கி வருகிறான், சில்லறையை எண்ணிக் கொடுக்கிறான். குரல்கள் சில நாள் தலைகாட்டும். "வந்திருக்காங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நடப்பான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. மயக்க மருந்து கொடுப்பார்களா, எத்தனை தடவை, மறதி எந்த அளவுக்கு வரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதோடு, சம்பந்தப்பட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அவர் மனசையும் கேளுங்கள். சினிமாவைப் பார்த்துப் பயந்தது நாங்கள். அந்த நாலு வருஷமும் குரல்களோடு ராத்திரி பூரா விழித்திருந்தது அவன்.