துருப்பிடிக்காத துப்பாக்கி



அமெரிக்காவில் வாழும் எம் மருமகன் மான் வேட்டைக்காக, உற்பத்தி நின்றுபோன மார்லின் துப்பாக்கி ஒன்றைத் தேடி எம்மிடம் ஆலோசனை கேட்டார். அடிப்பிடியைக் கீழே தள்ளி மேலிழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வகை அது. ரெமிங்டன் நிறுவனத்தின் கைக்கு மார்லின் மாறுவதற்கு முந்தைய குழல்களில் ‘ஜே.எம்.’ முத்திரை இருக்கும். தேடுவோர் அதையே விரும்புவர். 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது.

உப்புக்காற்று இரும்பைத் தின்பதை அன்றாடம் காணும் கோட்டைப்பட்டினத்தாராகிய எமக்கு, அவர் துருப்பிடிக்காத எஃகை நாடியது வியப்பன்று. ஆயினும் அவ்வெஃகையும் துடைத்து எண்ணெயிட வேண்டும். பழையதாயின் குழலின் உட்புறத்தை வெளிச்சத்தில் நோக்கிய பின்பே வாங்க வேண்டும் என்றோம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. அங்கோ உரிமம் பெற்று வேட்டையாடலாம். மார்க்கத்தின் கேள்வி மட்டும் ஈரிடத்தும் ஒன்றே: உணவுக்கா, விளையாட்டுக்கா? உயிருள்ளதை எய்யும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அல்லாஹ்வின் பெயர் கூறியே சுட வேண்டும்; பிராணி உயிருடன் கிடைத்தால் உடனே அறுக்க வேண்டும்.

“உணவுக்கே, மாமா. ஒரே குண்டில் வீழ்த்தும் அளவு கை பழகும்வரை மானை நோக்கிச் சுடமாட்டேன்” என்று பதில் வந்தது. எந்தத் துப்பாக்கி என்பதைவிட அந்தப் பொறுமையே எமக்கு நிறைவளித்தது. அல்ஹம்துலில்லாஹ்.