1080ஆவது பைட்டில் ஒரு கையெழுத்து

கோப்பின் பெயரே தலைகீழாக இருக்கும். மற்ற கோப்புகளில் பெயர் முன்னால் வரும், வகை பின்னால் வரும். அமிகா கணினியில் பிறந்த பாட்டுக் கோப்புகளிலோ ‘மோட்’ என்ற அடையாளம் முதலில், பிறகு ஒரு புள்ளி, அதற்கப்புறம்தான் பாட்டின் பெயர். இன்றைய கணினியில் அதன்மேல் இரண்டு தட்டு தட்டினால், எதை வைத்துத் திறப்பது என்று நம்மையே திருப்பிக் கேட்கும். பழகியவர்கள் தட்டுவதில்லை. டெர்மினலைத் திறந்து, கோப்பின் முதல் 1084 பைட்டை வெட்டி, அதில் கடைசி நான்கை மட்டும் காட்டச் சொல்வார்கள். எம், புள்ளி, கே, புள்ளி என்று வந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்: 31 சாம்பிளும் நான்கு தடமும் கொண்ட மோட்யூல்.

எம்பி3 கோப்பில் இருப்பது பாடி முடித்த பாட்டு. மோட்யூலில் இருப்பது ஸ்வரக் குறிப்பும், அதை வாசிக்கத் தேவையான வாத்தியங்களின் துண்டு ஒலிகளான சாம்பிள்களும். இரண்டும் ஒரே பொட்டலத்தில். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பிளேயர்தான் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். 1987இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் தொடங்கிவைத்த வழக்கம் இது. அமிகாவின் பவுலா சிப் ஒரே நேரத்தில் நான்கு 8-பிட் ஒலிகளைத்தான் எழுப்பும். ஆகவே நான்கு தடம்.

தடங்களில் எண்கள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பேட்டர்னுக்கு 64 வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு தடத்துக்கு நான்கு பைட். எந்த ஸ்வரம், எந்த சாம்பிள், அதற்கு என்ன எஃபெக்ட் என்பதெல்லாம் அந்த நான்குக்குள் அடக்கம். ஒரு பேட்டர்னுக்கு மொத்தம் 1024 பைட். வழக்கமான வேகத்தில் ஒரு வரிக்கு ஆறு டிக், டிக்குக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு பேட்டர்ன் ஓடுவது 7.68 நொடி. அதே 7.68 நொடியை சிடி தரத்தில் வேவ் கோப்பாக்கினால் 13,54,752 பைட் பிடிக்கும். அந்தக் காலத்து 880 கேபி அமிகா பிளாப்பியில் வேவ் ஒலி ஐந்து நொடிதான் கொள்ளும். மோட்யூலாக இருந்தால் முழுப் பாட்டுகளே பல கொள்ளும்.

இந்தச் சிக்கனத்தில் பிறந்த தந்திரங்களில் ஆர்பெஜியோவுக்குத் தனி இடம். நான்கே தடம் இருக்கும்போது மூன்று ஸ்வரங்கள் சேர்ந்த கார்டுக்கு மூன்று தடத்தைக் கொடுத்துவிட்டால் டிரம்முக்கும் பேஸுக்கும் எங்கே போவது? எனவே ஒரே தடத்தில், டிக்குக்கு ஒன்றாக மூன்று ஸ்வரங்களையும் மாற்றி மாற்றி ஒலிக்க விட்டார்கள். நொடிக்கு ஐம்பது முறை மாறுவதால் காது அதைப் படபடக்கும் ஒரு கார்டாக எடுத்துக்கொள்ளும். பழைய கணினி விளையாட்டுகளில் கேட்கும் அந்தக் குறுகுறுப்பு இப்படி வந்ததுதான்.

கட்டளை வரியில் இவற்றை வாசிக்க இரண்டு கருவிகள் கைக்கு அடக்கமானவை. ஒன்று, கிளாடியோ மட்சுவோக்கா எழுதிய எக்ஸ்எம்பி. மற்றது, ஓப்பன்எம்பிடி திட்டத்தின் லிப்ஓப்பன்எம்பிடி நூலகத்தோடு வரும் ஓப்பன்எம்பிடி123. மோட் மட்டுமல்ல, 1990களில் பிசியில் வந்த ஸ்க்ரீம் டிராக்கர் 3, ஃபாஸ்ட்டிராக்கர் 2, இம்பல்ஸ் டிராக்கர் ஆகியவற்றின் கோப்புகளையும் இரண்டும் வாசிக்கும். பின்னதில் ‘ரெண்டர்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு வேவ் கோப்பு வந்து விழும். ஒரு ஃபோல்டர் நிறையப் பாட்டுகள் இருந்தால் ஒரு வரி ஃபார் லூப் போதும்.

ஆனால் விழுந்த வேவ் கோப்பை ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் போனில் ஏற்றுகிறவர் ஏமாறுவார்.

முதல் சிக்கல் இடம் வலம். பவுலா சிப் ஒன்றாம், நான்காம் தடங்களை இடப்பக்கமும் மற்ற இரண்டை வலப்பக்கமும் முழுதாகத் தள்ளிவிடும். வரவேற்பறையில் டிவி ஸ்பீக்கர்களில் இது உறுத்தாது. இரண்டு ஒலிகளும் காற்றிலேயே கலந்துவிடும். ஹெட்போனில் அப்படியே கேட்டால் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். ஓப்பன்எம்பிடி123 இந்தப் பிரிவை 0 முதல் 200 வரை ஓர் எண்ணால் கட்டுப்படுத்த விடுகிறது. 0 என்றால் மோனோ. எந்த எண் சரி என்பதைப் பாட்டுக்குப் பாட்டு காதுதான் சொல்லும்.

அடுத்தது ஒலியின் கரகரப்பு. அமிகாவில் உச்ச ஒலிகளை மழுக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு. பவர் விளக்கோடு பிணைந்தது அது. ஃபில்டரை அணைத்தால் விளக்கும் மங்கும். அதைப் போடவும் எடுக்கவும் பாட்டுக்குள்ளேயே கட்டளை எழுதலாம். இன்றைய பிளேயரோ சாம்பிளின் புள்ளிகளுக்கு இடையே கணக்குப் போட்டு வழவழப்பாக்கித் தர முனைகிறது. சில பாட்டுகளுக்கு அது அழகு. சிலவற்றில் டிரம்மின் பல்லைப் பிடுங்கியது போல் ஆகிவிடும். அமிகாவின் ஒலியைப் போலவே ஒலிக்கச் செய்யும் அமைப்பு ஓப்பன்எம்பிடி123இல் இருக்கிறது. இரண்டு விதமாகவும் எடுத்து அடுத்தடுத்துக் கேட்பவர்கள் உண்டு.

மூன்றாவது, வேகம். எஃப் என்ற எஃபெக்டுக்குப் பின்னால் வரும் எண் 32க்குக் கீழே இருந்தால் வரிக்கு எத்தனை டிக் என்று பொருள். 32 அல்லது அதற்கு மேல் என்றால் டெம்போ. இது பின்னாளில் வந்த ஏற்பாடு. அதற்கு முந்தைய சில மோட்யூல்களில் எல்லா எண்ணுமே டிக்தான். கடைசி ஸ்வரம் நீண்டு ஒலிக்கட்டும் என்று இசையமைப்பாளர் 40 என எழுதியிருப்பார். அந்த வரி முக்கால் நொடிக்கும் மேலாக நிற்க வேண்டும். புதிய பிளேயர் அதை டெம்போ என்று படித்து, பாதி நேரத்திலேயே தாண்டிவிடும். எக்ஸ்எம்பியில் ‘விபிளாங்க்’ என்ற சொல்லைச் சேர்த்தால் பழைய கணக்குக்குத் திரும்பும். பாட்டு எங்கோ இடறுகிறது என்று காதில் பட்டால்தான் அதைச் சேர்க்கவே தோன்றும்.

முடிவும் ஒரு தலைவலி. விளையாட்டுக்காக எழுதிய பாட்டுகளில் பல முடிவதே இல்லை. கடைசி வரியிலிருந்து முதலுக்குத் தாவும். ‘ரிப்பீட்’ எண்ணாக மைனஸ் 1 கொடுத்து ரெண்டரை ஓடவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வரும்போது டிஸ்க் நிரம்பியிருப்பதைப் பார்த்த கதை இந்த வேலையில் சகஜம். இரண்டு சுற்று ஓடவிட்டு, கடைசிச் சில நொடிகளை சாக்ஸ் நிரலில் மெல்லத் தேயவிடுவது நல்ல வழி. 2000இல் வந்த டியூஸ் எக்ஸ் விளையாட்டின் இசைக் கோப்புகளில் வேறு விதமான சிக்கல். உலவும்போது ஒன்று, சண்டைக்கு ஒன்று, உரையாடலுக்கு ஒன்று என ஒரே கோப்புக்குள் பல பாட்டுகள் அடுக்கியிருக்கும். முதல் பாட்டோடு நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். மற்றவை உள்ளேயே கிடக்கும்.

எவ்வளவு பக்குவமாக மாற்றினாலும் வேவ் கோப்புக்குள் போய்ச் சேராத ஒன்று உண்டு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் பெயர் எழுத 22 எழுத்து இடம். 31 சாம்பிளையும் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. மீதி வரிகளில் இசையமைப்பாளர்கள் கடிதம் எழுதினார்கள்: நண்பர்களுக்கு வணக்கம், பாட்டு எழுதிய தேதி, பிளாப்பிகளைத் தபாலில் பரிமாறிக்கொண்ட காலம் என்பதால் சில சமயம் வீட்டு முகவரியும். ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையால் கோப்பைத் துழாவினால் அந்த வரிகள் வரிசையாக மேலே வரும். அதனால்தான் மாற்றி முடித்த பிறகும் மூலக் கோப்பை யாரும் அழிப்பதில்லை.

அழிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னாளில் போயட்ஸ் ஆஃப் த ஃபால் குழுவில் கீபோர்டு வாசித்த பின்லாந்துக்காரர் மார்கஸ் கார்லோனன், ‘கேப்டன்’ என்ற பெயரில் எழுதிய ‘ஸ்பேஸ் டெப்ரீ’ நான்கு தட மோட்யூல்தான். அதை எக்ஸ்எம்பியில் ஓடவிட்டு எண் விசை 1ஐ அழுத்தினால் முதல் தடம் வாயை மூடிக்கொள்ளும். 2ஐ அழுத்தினால் இரண்டாவது. 3ஐயும் அழுத்திவிட்டால் மீதி ஒற்றைத் தடம் தனியாக ஒலிக்கும். ஒரு வாத்தியம் விட்ட இடைவெளியில் இன்னொன்று புகுந்துகொள்வது அப்போது காதில் விழும். பிறகு மறுபடியும் 1.