மறைப்புப் பலகை

வெள்ளி இரவு

அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஹாங்காங்கிலிருந்து பாலத்து வழியாகப் பேருந்தில் வந்தோம். 2018-ல் திறந்த பாலம், சுரங்கத்தையும் சேர்த்து 55 கிலோமீட்டர். கடலுக்கு அடியில் போகிறவரை அம்மா என் கையை விடவில்லை. மக்காவுவில் இறங்கியதும் சூதாட்ட விடுதிகளின் இலவசப் பேருந்துகள் வரிசையாக நின்றன. "காசு வாங்காம கூட்டிட்டுப் போறவன் எங்கடா கொண்டுபோய் விடுவான்?" என்றாள். நகரப் பேருந்தில் ஏறினோம்.

சனி மதியம்

செனாடோ சதுக்கத்தில் தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்கள், அலையலையாகப் பதித்தவை. போர்த்துகீசியர் 1999 டிசம்பர் வரை ஆண்ட ஊர். தெருப்பெயர்ப் பலகைகளில் இன்னும் அவர்கள் மொழியும் இருக்கிறது. அங்கிருந்து நடந்தால் புனித பவுல் ஆலயம். 1835-ல் பிடித்த தீயில் எல்லாம் போய் முன்சுவர் மட்டும் நிற்கிறது. அதில் சிற்பம் செதுக்கியவர்களில் ஜப்பானிலிருந்து துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களும் உண்டு. பல தலை நாகத்தின் மேல் மாதா நிற்க, பக்கத்தில் சீன எழுத்து. படியிலேயே உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தோம்.

சனி இரவு

இன்று மாலை பார்த்தது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தக் செங் ஓன் என்ற பழைய அடகுக்கடை, இப்போது அருங்காட்சியகம். வாசலைத் தாண்டினதும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரப்பலகை குறுக்கே நிற்கிறது. அடகு வைக்க வந்தவர் யாரென்று தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாது, அதற்குத்தான். அதைச் சுற்றி உள்ளே போனால் கல்லாமேசை தலைக்கு மேலே. பொருளை இரண்டு கையாலும் தூக்கி நீட்ட வேண்டும். பின்னால் தடித்த சுவரும் கீற்றுப் போன்ற ஜன்னல்களுமாக ஒரு கோபுரம், அடகுச் சாமான்களை அடுக்கி வைக்க.

அம்மா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். "நம்ம ஊர்ல இது இல்லாமப் போச்சே" என்றாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா சீட்டாட்டத்தில் விட்ட கடனுக்கு அவளுடைய நாலு வளையலும் போனது. கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க, என்னையும் கூட்டிக்கொண்டு திண்ணையில் நின்றாள். வட்டி கட்டிக் கட்டி இரண்டை மீட்டாள். மற்ற இரண்டும் மூழ்கிவிட்டன. நான் சீட்டுக்கட்டைத் தொடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1917-ல் இந்தக் கடையைத் தொடங்கியவர் கௌ ஹோ நெங். 1937-ல் மக்காவுவின் சூதாட்ட ஏகபோக உரிமையை எடுத்த கூட்டாளிகளிலும் அவர் ஒருவர். தோற்கிற இடமும் அடகு வைக்கிற இடமும் ஒரே கையில். அம்மாவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை.

ஞாயிறு

சனிக்கிழமை அம்மா முட்டை தொடமாட்டாள். அதனால் கொலோவானில் முட்டை டார்ட் இன்றுதான். மேலே கருகின சர்க்கரை, ஓரம் நொறுநொறுவென்று. இரண்டு சாப்பிட்டாள். அ-மா கோயிலில் கூரையிலிருந்து சுருள்சுருளாகத் தொங்குகிற ஊதுபத்திகளை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். கடலோடிகளைக் காக்கிற அம்மன். ஊர்ப்பெயரே அவளிடமிருந்து வந்தது என்கிறார்கள்.

இந்த ஊர் அரசின் வரவில் பெரும்பகுதி சூதாட்ட வரி. நாங்கள் ஒரு பந்தயமும் கட்டாமல் பார்த்து மகிழ்ந்த பழைய தெருக்களைப் பளிச்சென்று வைத்திருப்பதிலும் யாரோ தோற்ற பணம் இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது. பார்த்த அழகு பொய்யில்லை, உறுத்தலும் பொய்யில்லை.

திரும்பும் வழியில் சூதாட்ட விடுதிக்கு எதிரே, இன்றைய அடகுக்கடை ஒன்று. கண்ணாடிக்குள் கைக்கடிகாரங்கள், சங்கிலிகள், கீழ்த்தட்டில் வளையல்கள்.

"இதெல்லாம் மீட்காததா?"

"ஆமாம்மா, முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்."

வளையல் வரிசையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.