மாஷாலும் முதுமொழியும்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், உவமைத்தொடருக்கு எடுத்துக்காட்டுக் கேட்ட வினாவுக்கு, 'யானைக்கும் அடி சறுக்கும்' என எழுதினான் ஒரு மாணவன். அது பழமொழியாதலின் பிழையெனக் குறித்தார் ஆசிரியர். "யானை என்றது பெரியவரைத்தானே ஐயா? அது ஒப்புமை இல்லையா?" என வினவினான் சிறுவன். பாடத்திட்டத்தில் இரண்டும் வெவ்வேறு தலைப்புகள் என்பதற்குமேல் ஆசிரியரிடம் மறுமொழி இல்லை.

எபிரேய மொழியில் இவ்வினா எழ இடமே இல்லை. 'மாஷால்' என்னும் ஒரே சொல் அங்கே இரண்டையும் தழுவி நிற்கிறது. அதன் வேர்ப்பொருள் ஒத்திருத்தல் என்பர். சாலமோன் பெயரால் வழங்கும் அறிவுரைத் தொகுதி அச்சொல்லாலேயே தொடங்குகிறது. எசேக்கியேல் நூலில் கழுகையும் திராட்சைக்கொடியையும் கொண்டு அரசர் செய்கையைக் குறிப்பாலுணர்த்தும் கதையும் மாஷால். ஏசாயா நூலில் வீழ்ந்த பாபிலோன் மன்னனை எள்ளும் பாட்டும் மாஷால்.

தமிழாக்கியோர் ஒரு சொல்லால் அமையாது, அறிவுரையை 'நீதிமொழி' என்றும் கழுகுக் கதையை 'உவமை' என்றும் பிரித்தனர். நீதிமொழி அழகிய பெயரே. ஆயினும் நீதி முன்வர, ஒப்புமை மறைந்துவிட்டது. ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கத்தில் ஈடுபட்ட பெர்சிவல் பாதிரியார், 1842இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட பழமொழித் தொகுப்புக்குத் 'திருட்டாந்த சங்கிரகம்' என்று பெயர். திருட்டாந்தமாவது எடுத்துக்காட்டு. மாஷாலுக்கு இச்சொல்லே அணுக்கமானது.

தொல்காப்பியர் நெறி வேறு. உவமத்தைப் பிசி என்னும் விடுகதைக்கு உரியதாகக் கூறிய அவர், முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம் முதலியவற்றோடு, கருதிய பொருளை முடித்தற்கு ஏதுவாக வருதலை இலக்கணமாக்கினார். பழமொழி எதனைப் போன்றது என்பதினும், அது பேச்சில் ஆற்றும் பணியே அவர் நோக்கம் போலும். குடும்ப வழக்கொன்றில், யாவரும் பேசி ஓய்ந்தபின் பாட்டி ஒரு பழமொழி சொல்லி எழுந்து போவதைக் கண்டவர் இதனை நன்கு உணர்வர்.

ஜொகூர்ச் சிறுவனுக்கு எபிரேயம் அத்துணைத் தொலைவும் அன்று. 'எடுத்துக்காட்டாக' என்னும் பொருளில் மலாய்ப் பாடத்தில் அவன் கேட்கும் 'மிசால்ஞா' என்பதன் அடிச்சொல் அரபு வழி வந்தது. அவ்வரபுச் சொல்லும் மாஷாலும் ஒரே வேரின. மலாயில் ஒப்புமை குறிக்கும் 'உம்பாமா'வோ வடமொழி உபமாவின் திரிபு.

மதிப்பெண் மாறவில்லை, தேர்வு முறை அதற்கு இடந்தராது. ஆயினும் மறுவாரம் விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிய ஆசிரியர், பிழைக்குறியின் அருகே 'ஒப்புமை உண்டு' என்றெழுதிச் சிறுவனிடம் கொடுத்தார்.