ரன்னரும் திருடனும் வினு மன்கட்டும்

போன வருஷம் எங்கள் பிகேசி ஆபீசுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய தலை வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட மாதுங்கா கூட்டிக்கொண்டு போய், அப்படியே தட்கர் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பவுலர் பக்கம் நிற்கிறவன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடியே கிளம்புறானே, யாரும் ஏன் அவனைப் பிடிக்கறதில்லை?"

அவர் பேஸ்பால் பார்த்து வளர்ந்த ஆள். அங்கே இரண்டாவது பேஸில் நிற்கிற ரன்னரைக் கட்டிவைப்பது தனிக் கலையாம். ரன்னர் நாலு எட்டு முன்னால் நகர்ந்து நிற்பான். பந்து போடுகிற பிட்சருக்கு அவன் முதுகுக்குப் பின்னால். அதனால் பிட்சர் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், பந்தைக் கையிலேயே கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பான், எறிகிற மாதிரி பாவ்லா காட்டுவான். ஃபீல்டர் ஒருத்தன் பூனை மாதிரி ரன்னருக்குப் பின்னால் நழுவி பேஸுக்கு வருவான், பிட்சர் சட்டென்று சுழன்று எறிவான். மாட்டினால் அவுட். கூட்டம் கைதட்டும். 2023-ல் இதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள்: ஒரு பேட்ஸ்மேனுக்கு இரண்டு முறைதான் இப்படி நிறுத்தலாம், மூன்றாவது தடவை ரன்னர் அவுட் ஆகாவிட்டால் அவனுக்கு ஒரு பேஸ் இலவசம். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்பதுதான் காரணம். அநாகரிகம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நம்ம ஊரில் கதையே வேறு.

1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் பில் பிரவுன் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கிரீஸைத் தாண்டினார். வினு மன்கட் ஸ்டம்ப்பைத் தட்டினார். அதற்கு முந்தின மாசம் அதே சிட்னியில் நடந்த இன்னொரு ஆட்டத்தில் இதே பிரவுனை எச்சரித்துவிட்டுத்தான் அவுட் ஆக்கியிருந்தார். எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் பக்கம் நின்றார். ஆனாலும் இங்கிலீஷில் "மன்கடிங்" என்று ஒரு வசைச்சொல் ஒட்டிக்கொண்டது. திருடினவன் பேர் அல்ல, பிடித்தவன் பேர்! :)

அந்த மனுஷன் யார்? 1952-ல் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தபோது 12 விக்கெட் எடுத்தவர். 1956-ல் அதே சென்னையில் பங்கஜ் ராயோடு 413 ரன் ஓபனிங். மும்பைக்கு ஆடி, 1978-ல் மும்பையிலேயே இறந்தவர். ரெண்டு ஊருக்கும் வேண்டியவர்.

2012-ல் பிரிஸ்பேனில் அஸ்வின் இலங்கையின் திரிமன்னேவை இதே மாதிரி அவுட் ஆக்கினார். சேவாக், டெண்டுல்கரோடு பேசிவிட்டு அப்பீலை வாபஸ் வாங்கிவிட்டார். பெரிய மனசுதான், ஆனால் எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. 2019-ல் ஜெய்ப்பூரில் பட்லர் விஷயத்தில் அஸ்வின் அசையவில்லை. 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மாவும் அசையவில்லை. அதற்கடுத்த மாதமே இது "நியாயமற்ற ஆட்டம்" என்ற விதியிலிருந்து சாதாரண ரன் அவுட் விதிக்கு மாறியது.

தாராவி சந்துகளில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. நம்ம திருநெல்வேலிப் பையன்கள் ஆடும்போது ஒரு நாள் நின்று பார்த்தேன். ஓடி வந்த பவுலர் நின்று, "ஏலே, கோட்டுக்குள்ள நில்லுல" என்றான். ரெண்டு பந்து கழித்து மறுபடி நின்றான், ஸ்டம்பாக இருந்த செங்கல்லைத் தட்டினான். அவுட்டானவன் பேட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

செம்பூரில் எங்கள் பில்டிங்கில் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் இருக்கிறான், ஆஃப் ஸ்பின்னர். இந்த வருஷக் கோடைக் கேம்ப்பில் கடைசி ஓவரில் இப்படி ஒருத்தனை அவுட் ஆக்கியிருக்கிறான். கோச் அப்பீலை வாபஸ் வாங்க வைத்து, எதிர் டீம் முன்னால் சாரி சொல்ல வைத்தாராம். தோற்றுவிட்டார்கள். ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, "அங்கிள், நான் சீட்டிங் பண்ணினேனா?" என்று கேட்டான். இல்லைடா என்றேன். விதிப்புத்தகத்தை போனில் எடுத்து, 38-ம் விதியைக் காட்டினேன். ரெண்டு தடவை படித்தான்.

பத்தொன்பது வயசுக்குள் மும்பைக்கு ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வயசுப் பையன்களுக்கு பிசிசிஐ நடத்துகிற ஒருநாள் போட்டியின் பெயர் வினு மன்கட் டிராபி. அதையும் சொன்னேன். நம்பவில்லை, கூகிள் பண்ணிப் பார்த்தான்.