ஜோடாசாங்கோ அந்தப்புரம்

சென்ற ஞாயிறன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கொல்கத்தா ஜோடாசாங்கோவிலுள்ள தாகூர் மாளிகைக்குச் சென்றிருந்தோம். 1784-ல் நீலமணி தாகூர் குடிபுகுந்த இம்மனை, இன்று ரவீந்திர பாரதிப் பல்கலைக்கழகத்தின் காட்சிசாலையாக விளங்குகிறது. 1861-ல் ரவீந்திரர் பிறந்ததும் 1941-ல் கண்மூடியதும் இங்கேதான். அவர் உயிர்நீத்த அறையின்முன் வருவோரெல்லாம் மௌனமாய் நிற்கின்றனர்; நாங்களும் நின்றோம்.

எனினும் எங்கள் வீட்டுப் பெண்டிரின் உள்ளத்தை ஈர்த்தவர் கவியின் அண்ணியார் ஞானதாநந்தினி தேவியே. அவர் கணவர் ஸத்யேந்திரநாதர் 1863-ல் ஐ.ஸி.எஸ். தேறிய முதல் இந்தியர். உத்தியோகமோ பம்பாய் மாகாணத்தில். மனைவியை உடன் அழைத்துச் செல்ல மாமனார் மகரிஷி தேவேந்திரநாதர் இசைந்தார். ஆனால் குலமகள் வெளிமுற்றத்தைக் கால்நடையாய்க் கடப்பதா? பல்லக்கிலேயே கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டார்களாம்! பம்பாயில் பார்ஸி மாதர் உடுத்தும் பாங்கைக் கண்டு அவர் வகுத்துக்கொண்ட புடைவைக் கட்டு பின்னர் வங்கத்திலும் பரவிற்று. 1877-ல் கணவர் துணையின்றியே குழந்தைகளுடன் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்.

கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு மொழி தெரியாத ஊரில் டிரங்குப் பெட்டியும் ஈயச்சொம்புமாய் வந்திறங்கிய நம் பாட்டிமாருக்குப் பல்லக்கு ஏது, காட்சிசாலைதான் ஏது? எங்கள் வீட்டு ஈயச்சொம்பு பரணில் பழம்பாத்திரங்களோடு கிடந்தது. அன்றிரவே அதை இறக்கித் துடைத்து, கொணர்ந்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே இட்டோம். எந்த ஆண்டு என்பதை மட்டும் ஊரிலுள்ள அத்தையைக் கேட்டெழுத வேண்டும்.